டி.சி. வாங்குங்கள், பெங்களூருக்கு வேண்டாம்

கேள்வி:

மேடம், நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சவ. எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கங்க. எங்க ஊரு திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கத்துல ஒரு கிராமம். பதினோரு வருஷமா பெங்களூரு ஈஜிபுராவுல இருக்கோம். வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலை, நான் ஒரு அபார்ட்மென்ட்ல நாலு வீட்டுல வேலை செய்றேன். பையன் எங்ககூட இருக்கான், நாலாவது, இங்கிலீஷ் மீடியம். பொண்ணு ஊர்ல எங்க மாமியார்கிட்ட வளர்றா. கவர்மென்ட் ஸ்கூல். இந்த வருஷம் பத்தாவதுல 500க்கு 421. ஊர் ஸ்கூல் பத்தோட முடிஞ்சிடுது. மேல படிக்கணும்னா 11 கிலோமீட்டர், டவுனுக்குப் போகணும். சாயங்காலம் பஸ்ஸை விட்டா இருட்டுல ரெண்டு கிலோமீட்டர் நடை. அத நினைச்சாலே எனக்குத் தூக்கம் வர்றதில்ல. இதுல எங்கம்மா, "படிச்சது போதும், வெளியில எதுக்குத் தேடணும், உன் தம்பிக்கே குடுத்துடு"ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்காங்க. தம்பிக்கு 27, ஜேசிபி ஓட்டுறான். இவளுக்கு 15 முடிஞ்சு 16 நடக்குது. நான் வேலை செய்ற ஒரு வீட்டு மேடம், "இங்க இட்டுனு வா, பியூசில நானே சேர்த்து விடறேன், எங்க வீட்டுலயே தங்கிக்கட்டும், சாயந்தரம் குழந்தையைப் பார்த்துக்கிட்டா போதும்"னு சொல்றாங்க. பியூசின்னா நம்ம ஊரு பதினொண்ணு, பன்னெண்டு மாதிரி. நல்ல மனசுக்காரங்க. இட்டாந்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம். இவதான் வர மாட்டேங்குறா. ஏன்டின்னா "ஆட்டை யார் பாப்பா"ங்குறா. ஆறு ஆடு இருக்கு. குட்டி போடுற நேரம்னா ராத்திரி பூரா கூடவே உக்காந்திருப்பா. மாட்டு டாக்டர் ஆவேன்னு சொல்லுவா, நாங்க சிரிப்போம். லீவுல 20 நாள் இங்க வந்துட்டு, ஊருக்குப் போறேன்னு ஒரே அழுகை. இவளுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மகளுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். புரிய வைக்க வேண்டாம். இந்த விஷயத்தில் அவள் சொல்வதுதான் சரி என்பது என் எண்ணம். பதினொன்றும் பன்னிரண்டும் அவள் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படிக்கட்டும். டி.சி. எப்படியும் வாங்கத்தான் வேண்டும், ஊர்ப் பள்ளி பத்தோடு முடிகிறதே. அந்த டி.சி. டவுன் மேல்நிலைப் பள்ளிக்குப் போகட்டும். ஓசூரைத் தாண்டி வர வேண்டாம்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு நல்ல குரூப்பெல்லாம் நிரம்பிவிடும், அதனால்தான். மீதியை ஆற அமரப் படியுங்கள்.

உங்கள் கணவருக்கும் விளங்குகிற மாதிரி ஒரு கணக்குச் சொல்கிறேன். ஈஜிபுராவில் சீட்டு கட்டாத வீடு இருக்காது, நீங்களும் கட்டுவீர்கள். உங்கள் மகளும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு சீட்டு கட்டிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கே தெரியாமல். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்கல்லூரிகளில் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கப்படுகிறது. 2020ல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் தொழிற்கல்லூரிக்குப் போகிறவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்றும் 2021ல் அறிவித்தார்கள். ஏழு வருஷச் சீட்டு. உங்கள் மகள் ஐந்து வருஷம் கட்டிவிட்டாள். இப்போது பெங்களூருக்குக் கூட்டி வந்தால் சீட்டு அதோடு முறிந்தது. நம்ம சீட்டில் பாதியில் நின்றால் கமிஷன் பிடித்துக்கொண்டு கட்டின பணத்தையாவது தருவார்கள். இதில் அதுவும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலேயே விழுகிற புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கினார்கள். இதை உங்கள் அம்மாவிடம் சொல்லும்போது வேறு விதமாகச் சொல்லுங்கள். 'தாலிக்குத் தங்கம்' என்றால் அவருக்குத் தெரியும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்களே, அந்தத் திட்டத்தைத்தான் பெண்ணின் மேற்படிப்புக்கு என்று மாற்றினார்கள். கல்யாணம் செய்து வைத்தால் இப்போது அந்தத் தங்கம் வராது, காலேஜுக்கு அனுப்பினால்தான் பணம் வரும். காதில் வாங்காத பாட்டிகளிடம் சட்டம் பேசுவதைவிட இந்தக் கணக்கு பேசியது அதிகம் பலித்திருக்கிறது. என் அனுபவம் இது.

இனி ஆட்டுக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மகள் வாயால் வந்த வார்த்தை அதில் இரண்டே இரண்டு. ஒன்று, "ஆட்டை யார் பாப்பா". இன்னொன்று, மாட்டு டாக்டர் ஆவேன் என்பது. முதலாவதை அடம் என்று எடுத்துக்கொண்டீர்கள், இரண்டாவதற்குச் சிரித்தீர்கள். எனக்கென்னவோ இரண்டும் ஒரே பேச்சாகத்தான் படுகிறது.

கால்நடை மருத்துவத்துக்கு, அதாவது ஐந்தரை வருஷ பி.வி.எஸ்சி. படிப்புக்கு, தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் நீட் தேர்வு கிடையாது. பன்னிரண்டாவதில் உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம். லட்சக்கணக்கில் கோச்சிங்குக்குக் கட்ட முடியாத குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் கல்லூரிகள் உண்டு. உங்கள் பக்கத்துக்குக் கிட்டத்தில் சேலம் மாவட்டம் தலைவாசலில் ஒன்று வந்திருக்கிறது. சுலபமாகக் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மாநிலம் முழுக்க இடங்கள் சில நூறுதான், போட்டி கடுமை. 421 எடுத்தவள் பன்னிரண்டாவதில் இன்னும் எட்டிப் பிடிக்க வேண்டும். 7.5 அங்கேதான் கை கொடுக்கும். அது கிடைக்காமல் போனாலும் வேளாண்மைப் படிப்பு இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே வாழவச்சனூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஓடுகிறது. அதுவும் இல்லையென்றால் விலங்கியல், வேதியியல் என்று அரசுக் கல்லூரிகள். எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றுதான், பதினொன்றில் உயிரியல் குரூப். யாராவது "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு சயின்ஸு, காமர்ஸ் போதும், லேசா இருக்கும்" என்று சொன்னால் அந்தக் காதில் வாங்கி இந்தக் காதில் விட்டுவிடுங்கள்.

பள்ளியில் சேர்க்கும் முன் தலைமை ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உயிரியலுக்கும் வேதியியலுக்கும் டீச்சர் இருக்கிறார்களா, இல்லை காலியிடமா? கேட்கக் கூச்சப்பட வேண்டாம். காலியிடம் என்றால் இன்னும் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளியையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெங்களூருப் பக்கம் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே பியூசி அறிவியல் என்றால் ஆங்கிலத்தில்தான். அதைப் படித்து முடித்தாலும், கர்நாடக மாணவி என்ற கணக்கில் அரசு இடம் கேட்க, பொதுவாக ஏழு வருஷம் இந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இரண்டு வருஷம்தான் ஆகியிருக்கும். ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழுக்கு இங்கே மாநில இடஒதுக்கீட்டில் மதிப்பில்லை. அங்கே இருந்த சலுகை போய்விடும், இங்கே இருப்பது வராது. திரும்பத் தமிழ்நாட்டுக்குப் போய் பொதுப் போட்டியில் நிற்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் அரசுப் பள்ளி மாணவி என்ற அந்தப் பெயர் போயிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. ஊத்தங்கரைக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. பத்தாவதில் பள்ளியிலேயே முதல். "இந்தப் புத்திசாலிப் பிள்ளை இந்தக் காட்டுல கெடந்து என்ன ஆகப் போவுது" என்று 1993ல் பெரியப்பா என்னைப் பெங்களூரு ஸ்ரீராமபுரத்துக்கு அழைத்து வந்து ஒரு கல்லூரியில் பியூசி சேர்த்தார். இயற்பியல் வகுப்பு. லெக்சரர் கரும்பலகையில் சாய்தளம் ஒன்று வரைந்து, அதன் மேல் ஒரு கட்டை வைத்து, ஃப்ரிக்‌ஷன், ஃப்ரிக்‌ஷன் என்கிறார். எனக்கு அந்தப் படம் தெரியும். அந்தக் கட்டை ஏன் வழுக்காமல் நிற்கிறது என்றும் தெரியும். உராய்வு. எங்கள் ஊர் சார் செருப்பைக் கழற்றித் தரையில் தேய்த்துக் காட்டிச் சொல்லிக் கொடுத்தது. ஆனால் இவர் சொல்கிற ஃப்ரிக்‌ஷனும் என் உராய்வும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது. அதற்குள் பாடம் எங்கோ போய்விட்டது. எழுந்து கேட்டால் சிரிப்பார்களோ என்று பயம். அந்த வருஷம் இயற்பியலும் கணக்கும் போயிற்று. பத்தாவதில் கணக்கில் 96 எடுத்தவள் நான். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தேன், அந்த ஒரு வருஷத்தில் ஏழு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தப்பித்தது வேறு கதை.

ஆங்கிலம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. கல்லூரியில் அவளும் ஆங்கிலத்தில்தான் படிக்கப் போகிறாள். பதினாறு வயதில் ஊர், வீடு, மொழி, பாடம் நாலையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இந்த இரண்டு வருஷமும் தமிழில் படிக்கும்போதே ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லைப் பென்சிலால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் இரண்டு மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, போனில் இறக்கிக்கொள்ளலாம். ஒரே பாடம், பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். எனக்கு அப்படி ஒன்று கையில் இருந்திருந்தால்!

அடுத்தது அந்த வீட்டு மேடம். இதை எழுதுவது எனக்குச் சங்கடம், உங்களுக்குப் படிப்பதும் சங்கடம். அவர் நல்ல மனசுக்காரராகவே இருக்கட்டும். 23 வருஷமாக இந்த ஊரில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. "எங்க வீட்டுலயே தங்கிப் படிக்கட்டும், கூடமாட உதவி செஞ்சா போதும்" என்று தொடங்கிய பிள்ளைகளில் பியூசி முடித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ண என் ஒரு கையே அதிகம். முதல் மாதம் குழந்தையை மட்டும் பார்ப்பாள். அப்புறம் குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும், பால் காய்ச்சினால் பாத்திரம் கழுவ வேண்டும். விருந்தாளி வந்த அன்று கிளாஸுக்கு லீவு. பரீட்சை நேரத்தில்தான் அவர்கள் குழந்தைக்குக் காய்ச்சல் வரும். யாரும் கெட்டவர்கள் இல்லை, வீட்டு வேலையின் சுபாவம் அது. உங்களுக்குத் தெரியாததா? சம்பளம் கேட்கவும் முடியாது, படிக்க வைக்கிறார்களே. கோபித்துக்கொண்டு வெளியே வரவும் முடியாது, உங்கள் வேலையும் அதே வீட்டில்தானே. "ஊர்லயே நல்ல ஸ்கூல் கெடைச்சிடுச்சு மேடம், நீங்க கேட்டதே பெரிசு" என்று சொல்லி முடித்துவிடுங்கள். உறவும் கெடாது.

லீவில் வந்தவள் ஏன் அழுதாள் என்று எழுதவில்லை. ஈஜிபுரா ஷீட் வீடுகள் எனக்குத் தெரியும். பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர், ஆறு வீட்டுக்கு ஒரு கக்கூஸ், தண்ணீர் லாரி வருகிற நேரத்தில் குடத்தோடு வரிசை. காஸ் சிலிண்டர் பக்கத்தில் தலை வைத்துப் படுத்துவிட்டுக் காலையில் எங்கே உட்கார்ந்து படிப்பாள்? ஊரில் அவளுக்கு ஒரு திண்ணையாவது இருக்கிறது.

ஆனால் உங்கள் பயம் பொய்யில்லை. இருட்டில் ரெண்டு கிலோமீட்டர் என்பது எந்தத் தாயையும் தூங்க விடாது. அதற்கு வழி பார்க்காமல் "அங்கேயே இருக்கட்டும்" என்று நான் சொன்னால் அது வெறும் உபதேசம். காலைப் பயணத்துக்குப் பிரச்சினை இல்லை, பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசுப் பஸ் இலவசம், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கே 2021லிருந்து டிக்கெட் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் அரசே சைக்கிளும் கொடுக்கும். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் தெரிந்த வீடு இருந்தால் சைக்கிளை அங்கே விட்டுப் போகலாம். சிக்கல் சாயங்காலம்தான். ஸ்பெஷல் கிளாஸ் முடிய ஆறு ஆகும், பஸ் அதற்குள் போய்விடும். பாதிப் பிள்ளைகள் ஸ்பெஷல் கிளாஸை விட்டுவிட்டு ஓடுவார்கள், மார்க் குறைவது அங்கேதான்.

அதனால் விடுதியைப் பாருங்கள். ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை இரண்டும் பெரிய ஊர்களில் மாணவியர் விடுதி நடத்துகின்றன. 2025லிருந்து 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், பழைய பெயரில் கேட்டாலும் ஊரில் வழி காட்டுவார்கள். சாப்பாடும் தங்குவதும் இலவசம். பள்ளி திறக்கிற நேரத்தில் காப்பாளினியிடமே விண்ணப்பம் கிடைக்கும். ஒன்று மட்டும் செய்யுங்கள். விண்ணப்பம் கொடுக்கும் முன் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள், சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்கள். காலையில் எந்த விடுதியும் நன்றாகத்தான் இருக்கும். கக்கூஸில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, காப்பாளினி ராத்திரி அங்கேயே தங்குகிறாரா, மூன்றையும் பாருங்கள். பன்னிரண்டாவது படிக்கிற ஒரு பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு "சாப்பாடு எப்படிம்மா?" என்று கேளுங்கள். அவள் முகமே சொல்லிவிடும். சரியில்லையென்றால் விடுதியை மறந்துவிட்டு, அதே பாதையில் போகிற நாலு பிள்ளைகளைச் சேர்த்து ஒரு ஆட்டோவை மாதக் கணக்கில் பேசுங்கள்.

இப்போது தம்பி விஷயம். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு 18 முடியாமல் நடக்கிற கல்யாணம் 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். கட்டிக்கொள்கிற ஆண், நடத்தி வைக்கிறவர்கள், துணை போகிறவர்கள் எல்லோர் மேலும் வழக்கு வரும். இரண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். அதோடு நிற்காது. 18 ஆகாத பெண் வயிற்றில் பிள்ளையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், வயதைப் பார்த்ததும் டாக்டர் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்துக்கான போக்சோ வழக்கு பதிவாகும். மனைவிதான் என்று சொன்னாலும் செல்லாது, உச்ச நீதிமன்றம் 2017லேயே சொல்லிவிட்டது. ஜேசிபி ஓட்டி நாலு காசு பார்க்கிற உங்கள் தம்பியின் வாழ்க்கையும் அதில் போய்விடும்.

ஆனால் உங்கள் அம்மாவிடம் போய் "போலீஸ்ல சொல்லிடுவேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். பிறந்த வீட்டோடு பகை, அந்தப் பகையின் பாரம் பெண் தலையில் விழும். தம்பியிடம் தனியாகப் பேசுங்கள். அக்கா சொன்னால் கேட்கிற தம்பியா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. அவனுக்கே இதில் விருப்பம் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. பல வீடுகளில் கிழவிகள் பேசிக்கொண்டிருப்பார்கள், பையனுக்கு வேறு யோசனை இருக்கும். "அவ படிச்சு முடிக்கட்டும்டா, உன் வயசு 27, நீ ஏன் காத்துக்கிட்டுக் கெடக்கணும், நானே உனக்குப் பொண்ணு பாக்குறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சை அப்படித் திருப்பி, உண்மையாகவே பெண் பார்க்கவும் தொடங்கிவிடுங்கள். மாமன் கல்யாணம் முடிந்தால் பாதித் தலைவலி தீர்ந்தது. அக்காள் மகளைக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம்தான், தெரியும். என் பெரியம்மா வீட்டிலும் உண்டு. நெருங்கிய இரத்த உறவில் பிறக்கிற குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வரும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் அம்மாவிடம் ஒரு தரம் சொல்லி வையுங்கள்.

இதையெல்லாம் மீறி, உங்களுக்குத் தெரியாமல் பரிசம் போடுகிற அளவுக்குப் போனால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். அந்த எண்ணை உங்கள் மகள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். கூப்பிடுகிறவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள்.

எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். மாதவிடாய் நாட்களில் உங்கள் மாமியார் அவளைப் பள்ளிக்கு அனுப்புகிறாரா? பல கிராமங்களில் மூன்று நாள் திண்ணையோடு சரி. மாதம் மூன்று நாள் என்றால் பள்ளி நடக்கிற பத்து மாதத்தில் 30 நாள். ஒரு முழு மாதப் பாடம். பத்தாவது வரை அதையும் சமாளித்து 421 வாங்கியிருப்பாள், பன்னிரண்டாவது வேதியியலில் அது நடக்காது. வீட்டில் ஆயா சொல்கிறபடி தனியாகவே படுக்கட்டும், அதில் நான் தலையிடவில்லை. பள்ளிக்கு மட்டும் போகட்டும் என்று பேசி முடியுங்கள்.

இன்னும் ஒரு சங்கடமான பேச்சு. மகன் உங்களோடு, இங்கிலீஷ் மீடியத்தில். மகள் ஊரில், இலவசப் பள்ளியில். குத்திக் காட்ட இதைச் சொல்லவில்லை, சூழ்நிலை அப்படி அமைந்திருக்கும். ஆனால் பதினாறு வயதுப் பெண் இதைக் கவனிக்காமல் இருக்க மாட்டாள். "அங்கயே இரு" என்று நீங்கள் சொல்லும்போது அவள் காதில் "நீ எங்களுக்கு வேண்டாம்" என்று விழக் கூடாது. மகன் பள்ளிக்குக் கட்டுவதில் கால்வாசியை மாதாமாதம் மகள் பேரில் எடுத்து வையுங்கள். டார்ச் உள்ள நல்ல போன் ஒன்று, கைடு வாங்க, மாதம் ஒரு முறை நீங்கள் போய்வர. மாதம் ஒரு முறை என்பதில் சலுகை கிடையாது. நாலு வீட்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு கேளுங்கள், கொடுக்காத வீடு எதுவோ அது உங்களுக்கு வேண்டாத வீடு.

ஆட்டுக்குத் திரும்ப வந்தே ஆக வேண்டும், அவள் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறதே. விடுதிக்குப் போனால் ஆறு ஆட்டை ஆயாவால் தனியாகப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் விற்றுவிடாதீர்கள். எதை வைப்பது, எதை விற்பது என்பதை அவளையே சொல்லச் சொல்லுங்கள். இரண்டை வைத்துக்கொண்டு நாலைக் கொடுத்தால் அந்தப் பணம் அவள் வங்கிக் கணக்கில் போகட்டும், அவள் வளர்த்தது. கணக்கு இல்லையென்றால் இப்போதே தொடங்கி ஆதாரோடு இணைத்துவிடுங்கள், நாளைக்கு அந்த ஆயிரம் ரூபாய் வரவும் அது வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை ராத்திரியே கிளம்புங்கள். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை வழியாகப் போகிற திருவண்ணாமலை பஸ் விடியுமுன் செங்கத்தில் இறக்கிவிடும். டி.சி., மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தால்கூடப் பின்னால் அலைச்சல். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிய வேண்டும், அதற்கு உங்கள் கணவரின் ரேஷன் கார்டு தேவைப்படும், மறக்காமல் எடுத்துப் போங்கள். உங்கள் வீட்டில் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் ஒன்று உண்டு, அதைப் பன்னிரண்டாவது முடித்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது மகளையும் கூடவே அழைத்துப் போங்கள். எந்த குரூப் என்று அவர் கேட்டால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள், அவள் சொல்லட்டும்.